பொன்வாசலில் ஒரு சாவும் விழவில்லை

முன்னொரு காலத்தில், எதையும் அளந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். கீர்த்திவளவன் என்று பேர். ஏரியில் தண்ணீர் எத்தனை முழம், பட்டத்து யானையின் தும்பிக்கை எத்தனை சாண், அரண்மனைச் சமையற்காரரின் மீசை எத்தனை விரற்கடை என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. நாடு என்னவோ நல்ல நாடுதான். மழை பெய்தது, களம் நிறைந்தது, எல்லையில் சண்டை இல்லை. வேலை இல்லாத ராஜா வேறு என்னதான் செய்வார்? அளந்துகொண்டு போகட்டும் என்று ஜனங்களும் விட்டுவிட்டார்கள்.

சும்மா அளந்தாலாவது தேவலை. இரண்டு இரண்டாக நிறுத்தி வைத்து, எது உசத்தி, எது மட்டம் என்று ஒப்பிடுவார். உசத்திக்குப் பரிசு. மட்டத்துக்கு மூடுவிழா. ஒரு தடவை இரண்டு நந்தவனங்களில் பூக்களை எண்ணினார். பூ இல்லாத நந்தவனத்தை உழுது எள் விதைக்கச் சொல்லிவிட்டார். அது மல்லிகைத் தோட்டம். ராஜா எண்ணியது உச்சி வெயிலில். மல்லிகை அந்திக்குத்தானே வாய் திறக்கும்? இதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. எள் முளைத்துவிட்டது.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் வெண்காடன். ஆள் குள்ளம், வாய் நீளம். ராஜா முகம் சுண்டினால் சிரிக்க வைப்பான், அதிகமாகச் சிரித்தால் சுண்ட வைப்பான். அவனைக் கண்டால் அரச வைத்தியர் அமுதகலசருக்கு மட்டும் ஆகாது. காரணம் இருக்கிறது. அமுதகலசரின் லேகியத்தைச் சாப்பிட்டால் நோய் போகும், வழித்துணைக்கு நோயாளியும் கூடப் போவான் என்று வெண்காடன் எப்போதோ ஒரு விருந்தில் சொல்லிவிட்டான். ராஜா அன்று பாயசம் புரைக்கேறச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அமுதகலசர் நெஞ்சிலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு ஆடி மாதத்தில் ராஜாவுக்குப் புது யோசனை பிறந்தது. தலைநகரில் இரண்டு வைத்தியசாலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்துதான் நெல் போகிறது. இவற்றில் எது உசத்தி?

ஒன்று கோட்டைக்குள்ளே இருந்த பொன்வாசல் சாலை. அமுதகலசரின் பொறுப்பில் இருந்தது. பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவு, வாசலில் ஈட்டி பிடித்த காவலாளி, உள்ளே சந்தன வாசனை. மற்றது கோட்டைக்கு வெளியே, படித்துறையை ஒட்டி இருந்த ஆற்றங்கரைச் சாலை. அதைக் கட்டிய பழைய ராணி, நோய் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை என்று சொல்லி, அதற்குக் கதவே வைக்க விடவில்லை. வெறும் நிலைச்சட்டம்தான். யாரும் எப்போதும் நுழையலாம். அங்கே வைத்தியம் பார்த்தவர் தையல்நாயகி அம்மை. அதட்டிப் பேசுவார், அதட்டிக்கொண்டே பிழைக்க வைப்பார்.

எப்படி அளப்பது என்று ராஜா சபையைக் கேட்டார். அமுதகலசர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார்.

"மன்னர் பெருமானே, வைத்தியசாலை எதற்காக இருக்கிறது? சாவைத் தடுப்பதற்காக. ஆகவே எந்தச் சாலையில் சாவு குறைவோ, அதுவே உயர்ந்த சாலை. இதைவிட நேரான அளவு வேறு உண்டோ?"

கேட்பதற்கு நெய்ச்சோறு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சபை மொத்தமும் தலையாட்டியது. வெண்காடன் மட்டும் எழுந்து, செத்தவர்களை எண்ணும்போது அவர்கள் என்ன நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாமே என்று பணிவாகத்தான் சொன்னான். கணக்கு என்றால் எளிதாக இருக்க வேண்டும், அதில் வாலும் தும்பும் ஒட்டக்கூடாது என்று ராஜா சொல்லிவிட்டார். அன்றே இரண்டு கணக்கர்கள் புறப்பட்டார்கள். இரண்டு சாலைகளிலும் ஆளுக்கொரு பாயை விரித்து உட்கார்ந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் கணக்கு வந்தது. பொன்வாசலில் ஒரு சாவுகூட இல்லை. ஆற்றங்கரையிலோ கணக்கருக்குக் கைவிரலும் போதவில்லை, கால்விரலும் போதவில்லை, பக்கத்தில் இருந்தவனின் விரல்களையும் கடன் வாங்கி எண்ணினாராம்.

ராஜா சிங்காதனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவே விழாத வைத்தியசாலை தன் நாட்டில் இருக்கிறது என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே தீர்ப்பு. தை பிறந்ததும் ஆற்றங்கரைச் சாலையை மூட வேண்டும். அந்த இடத்தில் யானைக்கொட்டில் வரும். தையல்நாயகி இனி ஒருவர் நாடியையும் தொடக்கூடாது. பொன்வாசலுக்குப் பொன்னாடை.

வெண்காடனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பேசப் போனான். அதற்குள் அமுதகலசர் முந்திக்கொண்டார். விகடகவியின் வீடு ஆற்றங்கரைப் பக்கம், அவருக்கு அந்தப் பக்கத்துப் பாசம் இருக்கத்தான் செய்யும், அதனால் பாகுபாடு இல்லை என்று உலகம் அறிய அவர் கையாலேயே பரிசைக் கொடுக்கச் செய்தால் என்ன என்று தேனொழுகக் கேட்டார். மீசைக்குள்ளே ஒரு சிரிப்பு வேறு. ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

"வெண்காடா, கேள். பொன்வாசல் சாலையில் ஒரு சாவும் விழாமல் காத்து நின்றவர் எவரோ, அவரைப் பட்டத்து யானைமேல் ஏற்றி, இந்தப் பொன்னாடையைப் போர்த்தி, தைப் பிறப்பன்று சபைக்கு அழைத்து வரவேண்டியது உன் பொறுப்பு. அந்தச் சாலையைப் பற்றியோ நம் அளவைப் பற்றியோ உன் வாயிலிருந்து ஒரு குறை வந்தால், அன்றோடு நீ இந்தச் சபையில் இல்லை."

"உத்தரவு, பிரபு" என்றான் வெண்காடன். வேறு என்ன சொல்வான்? பதவி போனால் போகட்டும் என்று வெட்டிவிடலாம்தான். ஆனால் அவனும் வெளியேறிவிட்டால், பிறகு அந்தச் சாலைக்காகப் பேச ஒரு நாக்கு மிஞ்சாது.

நேரே ஆற்றங்கரைக்குப் போனான். தையல்நாயகி அம்மை ஒரு கொத்தனின் நசுங்கின கையில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெண்காடன் சேதியைச் சொன்னான். அம்மை கட்டின முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு தப்பில்ல தம்பி. இங்க நிறையப் பேரு செத்தாங்க. ஒவ்வொருத்தரும் எப்படி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். பாதிப் பேரு பாதி உசுராத்தான் வந்தாங்க. அதுல எழுந்து நடந்து போனவங்களை எந்தக் கணக்கன் எண்ணினான்? சாவுக்காக நான் அழுதிருக்கேன். வெக்கப்பட்டதில்ல. இந்த நிலைப்படியில இருந்து ஒருத்தரையும் திரும்பிப் போன்னு நான் சொன்னதே இல்ல. அந்தப் பெருமை எனக்குப் போதும்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூடப் போகிறார்களே என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை. வெண்காடன் அந்த வெறும் நிலையில் சாய்ந்து நின்றான். அவனுக்கு அழுகையும் வந்தது, இந்த ஊர்க்காரன் என்ற கர்வமும் வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவனை அவன் பெண்டாட்டி அங்காயி விடவில்லை. தோண்டித் துருவி விஷயத்தை வாங்கினாள். வாங்கினதும் கையிலிருந்த அகப்பையை டொக்கென்று வைத்தாள்.

"ஏங்க, போன வருசம் இந்தப் புள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு வலியில துடிச்சேனே, முதல்ல என்னைப் பொன்வாசலுக்குத்தானே வண்டியில கொண்டு போனாங்க? நீங்க ராஜாவோட வேட்டைக்குப் போயிருந்தீங்க. அங்க எவன் என்னைப் பார்த்தான்? ஒரு வைத்தியரும் எட்டிப் பார்க்கல. வாசல்ல ஈட்டி வச்சுக்கிட்டு நின்னானே, அவன்தான் என் நகத்தைத் திருப்பிப் பார்த்தான், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தான். 'இந்தம்மாவுக்கு ரத்தமே இல்ல, இங்க தாங்காது, ஆத்தங்கரைக்கு ஓட்டு'ன்னான். அந்த மகராசி இல்லாட்டி நானும் இல்ல, புள்ளையும் இல்ல."

வெண்காடன் அவளையே பார்த்தான். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள். கேட்டுவிட்டு ராஜாவின் உத்தரவை ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். ஊர் பற்றி எரியுது, இவருக்குச் சிரிப்பைப் பார் என்று அங்காயி முணுமுணுத்தாள். ஆனாலும் சோற்றைப் போட்டாள். இப்போது நன்றாகவே இறங்கியது.

தை பிறந்தது. பட்டத்து யானை முகபடாம் பூட்டி மணி குலுங்கப் பொன்வாசலுக்கு வந்தது. அமுதகலசர் விடியலிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஜரிகை வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு படியில் நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றார். ஊர்வலத்தில் பின்னால் வர அவருக்கென்று ஒரு பல்லக்கும் தயாராக இருந்தது. வெண்காடன் கும்பிட்டான். ராஜாவின் உத்தரவில் எந்தப் பிசகும் வரக்கூடாது, ஆகவே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உத்தரவு வாங்கிக்கொண்டான். ராஜா உத்தரவு என்றதும் அமுதகலசரால் மறுக்க முடியவில்லை.

உள்ளே கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு வேர்க்குரு. ஒருவர் காதில் எறும்பு போய்விட்டதாம். இன்னொருவருக்கு என்ன நோய் என்று அவருக்கே மறந்துவிட்டது, நெய்க்கஞ்சி நன்றாக இருக்கிறதென்று தங்கிவிட்டார். எல்லாரும் தளதளவென்று இருந்தார்கள். மருந்து இடிக்கிறவரைப் பிடித்து, இங்கே சாவே விழாமல் காப்பவர் யார் ஐயா என்று வெண்காடன் கேட்டான். அவர் உலக்கையை நிறுத்தாமலே, அது நம்ம சங்கிலி அண்ணன்தான், அவர் வாசலில் நிற்கிறவரைக்கும் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்றார். கட்டில் துடைக்கிற அம்மாளைக் கேட்டான். அவளும் அதையேதான் சொன்னாள்.

சங்கிலி என்பது வாயிற்காப்போனின் பெயர், சங்கிலிக்கறுப்பன். பனைமரம் மாதிரி ஆள், மனசு மட்டும் பச்சைக் குழந்தை. வெண்காடன் வாசலுக்கு வந்தபோது, நாலு பேர் ஒரு கிழவரைக் கட்டிலோடு சுமந்துகொண்டு வந்து இறக்கினார்கள். கிழவருக்கு நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. சங்கிலி குனிந்து அவர் உதட்டைப் பார்த்தான், உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான், தலையை ஆட்டினான். ஆற்றங்கரைக்குக் கொண்டு போங்கள் என்று அன்பாகத்தான் சொன்னான். அவர் மேல் வெயில் படுகிறதே என்று தன் துண்டை வேறு போர்த்திவிட்டான்.

தூக்கி வந்தவர்களுக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. வெண்காடன் அங்கே தயாராக நின்ற பல்லக்கில் கிழவரைப் படுக்க வைத்து, ஓடுங்கள் என்று சிவிகையாட்களுக்குச் சைகை காட்டினான். அமுதகலசரின் மனைவி, என் பல்லக்கு, என் பல்லக்கு என்று ஆரத்தித் தட்டோடு நாலடி ஓடி நின்றார். இந்த அமர்க்களத்தில் வெண்காடன் சங்கிலியிடம் போனான், பொன்னாடையை அவன் தோளில் போர்த்தினான், யானையை மண்டியிடச் சொன்னான்.

சங்கிலிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கண் கலங்கிவிட்டது. வெயிலிலும் மழையிலும் நிற்கிறேன், கடைசியில் ஒருவராவது என் உழைப்பைக் கண்ணால் பார்த்தீர்களே என்று வெண்காடன் கையைப் பிடித்துக்கொண்டான். வெண்காடனுக்கு ஒரு நிமிடம் பாவமாகவே போய்விட்டது. அமுதகலசரோ, அடே, அடே என்று யானைக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். சந்தனம் வேர்வையில் கரைந்து ஜரிகையில் வழிந்தது. தெரு முழுக்க ஜனங்கள், யானைமேல் இருந்த சங்கிலிக்குப் பூப்போட்டார்கள். யாருக்கு, எதற்கு என்று எவனும் கேட்கவில்லை. யானைமேல் இருப்பவனுக்குப் பூப்போடுவதுதானே வழக்கம்.

சபைக்குள் பொன்னாடையும் ஈட்டியுமாக ஒரு காவலாளி நுழைந்ததும் ராஜாவின் புருவம் ஏறிவிட்டது. இது என்ன கூத்து என்று கேட்டார்.

"பிரபுவின் சொல்லுக்கு ஒரு எழுத்துக் கூட்டவில்லை, ஒரு எழுத்துக் குறைக்கவில்லை" என்றான் வெண்காடன். "பொன்வாசல் சாலையில் ஒரு சாவும் விழாமல் காத்து நின்றவர் இவர்தான். இடிப்பவர் முதல் துடைப்பவர் வரை அத்தனை பேரும் சாட்சி. எப்படிக் காத்தார் என்பதை நான் சொல்வதைவிட அவர் வாயால் கேட்பதுதான் அழகு."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடி ஓரமாக நின்றுகொண்டான். ராஜா சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான் நிக்கிற வாசல்ல சாவு நுழையாதுங்க மகாராஜா. வர்றவன் மூஞ்சியைப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன், காலை அமுக்கிப் பார்ப்பேன். தாங்குவானா மாட்டானான்னு எனக்குத் தெரிஞ்சிரும். தாங்குறவனை உள்ள விடுவேன். தாங்காதவனை ஆத்தங்கரைக்கு அனுப்பிருவேன். தப்பித் தவறி உள்ள படுத்திருக்கிறவனுக்கு மூச்சு இழுத்துச்சுன்னா, கட்டிலோட தூக்கி வெளிய வச்சிருவேன். எப்பவும் இதுதான் வழக்கம், ஆனா இந்த ஆடியில வைத்தியர் ஐயா இன்னும் கண்டிப்பாச் சொல்லிட்டாரு, 'சங்கிலி, மகாராஜா கணக்கு எடுக்கிறாரு, நம்ம மானம் உன் கையில'ன்னு. ஒருநாள்கூட நான் கைவிட்டதில்லீங்க."

கணக்கர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அமுதகலசர் மூச்சு வாங்க முன்னால் வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் அங்கேயே வாயை மூடிக்கொண்டு காலில் விழுந்திருந்தால் பாதி தப்பித்திருப்பார்.

"மன்னர் பெருமானே, மூடன் உளறுகிறான். நாடி சாஸ்திரம் அறியாத காவலாளியால் ஒருவன் பிழைப்பானா மாட்டானா என்று எவ்வாறு கணிக்க இயலும்? வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்."

அளக்கச் சொன்னால் ராஜா விடுவாரா? சோதித்துவிடுவோம் என்றார். சங்கிலியை அருகே வரச் சொல்லி, பொன்வாசலுக்கு நானே வந்தால் என்னை என்ன செய்வாய் என்று விளையாட்டாகத் தன் காலையே நீட்டினார். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். வெண்காடனும் சிரித்தான், ராஜாவின் காலைப் பார்க்கிறவரைக்கும்.

சங்கிலி மண்டியிட்டு, ராஜாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தான். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நகத்தைப் பார்த்தான், நீலம் பாய்ந்திருந்தது. அண்ணாந்து உதட்டைப் பார்த்தான். மூச்சைக் காது கொடுத்துக் கேட்டான். அவன் முகத்தில் இருந்த பெருமை எல்லாம் வடிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே நாலு படி ஏறினால் ராஜாவுக்கு இரைத்தது. அது வீரக்கழல் இறுக்கம்தான், கழலைத் தளர்த்திக் கட்டினால் சரியாகிவிடும் என்று அமுதகலசர் சொல்லியிருந்தார். ராஜாவும் பயத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்.

சொல் என்றார் ராஜா.

"மன்னிச்சிருங்க மகாராஜா. உங்களை நான் உள்ள விடமாட்டேன். ஆத்தங்கரைக்குத்தான் அனுப்புவேன்."

ராஜாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. இருந்தாலும் ராஜா அல்லவா, குரலை விடவில்லை.

"ஆற்றங்கரைச் சாலையை நாம் இன்று மூடிவிட்டால்?"

சங்கிலி தலையைச் சொறிந்தான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"அப்புறம் உங்களை எங்க அனுப்புறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

ராஜா வெகுநேரம் தன் கணுக்காலில் இருந்த அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல மெல்லத்தான் மேடேறியது. கண்ணை எடுக்காமலே மூடும் ஆணையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். பிறகு வெண்காடனைப் பார்த்து, இத்தனையும் தெரிந்தவன் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குறை சொன்னால் சபையில் இடமில்லை என்று உத்தரவு, அதனால்தான் பொன்வாசலின் பெருமையையே யானைமேல் ஏற்றிக் கொண்டுவந்தேன் என்றான் வெண்காடன்.

"அப்படியானால் நாம் எப்படித்தான் அளப்பது?" என்று கேட்டார் ராஜா. உயிருக்குப் பயந்த நேரத்திலும் அளவு ஆசை விடவில்லை பாருங்கள்.

"அளக்க வேண்டாம் என்று அடியேன் சொல்லவே மாட்டேன் பிரபு. அளக்காத ராஜாவிடம் எல்லா வைத்தியரும் தன்வந்திரிதான். ஆனால் இரண்டு பேரை ஓடவிட்டு, இருவர் மூட்டையையும் ஒருவன் தலையிலேயே ஏற்றிவிட்டு, யார் முந்தினான் என்று கேட்டால் நியாயமா? கட்டிலில் இருப்பவனை மட்டும் எண்ணாமல், வாசலுக்கு வந்தவனிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். எப்படி வந்தான், எப்படிப் போனான் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாசல் திருப்பி அனுப்பியவன் எங்கே போய்ச் செத்தாலும், அந்தச் சாவு அந்த வாசலின் தலையில் ஏறட்டும். அப்போது யாரும் யாரையும் துரத்தமாட்டார்கள்."

அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா. அமுதகலசரை நாட்டைவிட்டு விரட்டலாம் என்று சில பேர் முணுமுணுத்தார்கள். நேற்றுவரை அவருக்குத் தலையாட்டியவர்கள்தான் அவர்கள். ராஜா கேட்கவில்லை. அவர் படித்த படிப்பு வீணாகக் கூடாது, ஒரு வருஷம் தையல்நாயகியின் கீழே இருந்து, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கட்டிலோரம் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கட்டும் என்று உத்தரவானது. சங்கிலியை என்ன செய்வது என்று ராஜா கேட்டார். அந்தக் கண்ணை விட்டுவிடாதீர்கள், வேலையை மட்டும் திருப்பிப் போடுங்கள் என்றான் வெண்காடன். இதுநாள்வரை யாரை வெளியே அனுப்பினானோ, அவர்களை இனி முதலில் உள்ளே அனுப்பட்டும்.

ராஜா அன்றைக்கே வெண்காடனையும் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார். போய் இறங்கியபோது அங்கே நல்ல கூட்டம். ராஜாவைப் பார்த்ததும் ஜனங்கள் சரேலென்று விலகி வழிவிட்டார்கள். தையல்நாயகி அம்மையும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ராஜா நிலைப்படியில் கால் வைக்கப் போனார். அதே நேரம் வரப்பில் பாம்பு கடித்த ஒரு உழவனை அவன் தம்பி முதுகில் சுமந்துகொண்டு ஓடி வந்தான். உழவனுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது.

சங்கிலி ஒரு பார்வை பார்த்தான். ஈட்டியை ராஜாவுக்குக் குறுக்கே நீட்டிவிட்டான்.

"மகாராஜா, நீங்க இப்படி உட்காருங்க. உங்களுக்கு நேரம் இருக்கு. இவனுக்கு இல்ல."

ராஜாவைக் குறுக்கே மறித்தவன் தலை தரையில் உருளப் போகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ராஜா சங்கிலியை முறைத்தார். பிறகு வாசலோரம் கிடந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். நேரம் இருக்கிறதாம், கேட்டாயா வெண்காடா, எனக்கு நேரம் இருக்கிறதாம் என்றார். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், இரைக்க இரைக்கச் சிரித்தார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பொய் சொல்லத் தெரியாத ஒரு வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டதே, அந்த நிம்மதி அவருக்கு.

அங்கேயே, அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார். பொன்வாசலின் இரட்டைக் கதவைக் கழற்றித் தர வேண்டும், நல்ல தேக்கு, ஆற்றங்கரைக்கு எத்தனையோ கட்டில் செய்யலாம் என்றான் வெண்காடன். எத்தனை கட்டில் வரும் என்று அளந்து பார்த்துவிடுவோம் என்றார் ராஜா. அதற்கும் ஒரு சிரிப்பு.

தையல்நாயகி அம்மை அந்த உழவனையும் பிழைக்க வைத்தார், ராஜாவையும் பிழைக்க வைத்தார். ராஜாவுக்குப் பத்தியமும் மருந்தும் பங்குனி வரைக்கும் நடந்தது, அதட்டலும் கூடவே நடந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் உங்கள் ஊருக்கு என்ன பெருமை என்று கேட்டுப் பாருங்கள். கோட்டையைச் சொல்லமாட்டார்கள், யானையைச் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் வைத்தியசாலையில் உழவனுக்குப் பிறகுதான் ராஜா உள்ளே போனார் என்று சொல்வார்கள்.